பாறு பார்க்க வந்த சின்னம்மா

உங்களில் பாதிப் பேருக்கு என் சின்னம்மாவை நினைவிருக்கும். மீதிப் பேர் நினைவில்லை என்பீர்கள். அதை நான் நம்ப மாட்டேன். ஏழாம் வகுப்பில் என்னோடு படித்த யாரும் அந்தப் பனிக்காலத்தை மறந்திருக்க வழியில்லை. நமக்கெல்லாம் ஐம்பது நெருங்குகிறது. சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறோம், பிள்ளைகளுக்கு வரன் பார்க்கிறோம், காலையில் ஒருவருக்கொருவர் போனில் பூப்படம் அனுப்பிக்கொள்கிறோம். இந்த வயதில் எதற்குப் பழசைக் கிளறுகிறாய் என்று கேட்பீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள்.

சின்னம்மா என் அம்மாவின் கடைசித் தங்கை. மணலூர்பேட்டையில் தாத்தா வீட்டில் கரும்பும் நெல்லுமாக இருந்த குடும்பம். அதில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் அவள்தான். விலங்கியல் படித்தாள். அதுவும் ஆசைப்பட்டுச் சேரவில்லை, கணக்கில் இடம் கிடைக்காததால் கிடைத்ததில் சேர்ந்தாள். விடுதி மொட்டைமாடிக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம். அதில் காக்கைக் கூடு ஒன்று இருந்தது. கூட்டில் குயில் குஞ்சு வளர்வதை அவள் கண்டுபிடித்துவிட்டாள். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நாட்களில் விடிந்ததும் மாடியேறி அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். விடுதிக் காப்பாளர் அம்மா, எதிர்வீட்டுப் பையனைத்தான் பார்க்கிறாள் என்று முடிவுகட்டித் தாத்தாவை வரவழைத்துவிட்டார். தாத்தா வந்து அவளை அடித்தார். காக்கை எப்படி ஏமாந்தது என்று அடி வாங்கியபடியே அவருக்குச் சொல்லப் பார்த்தேன் என்று சின்னம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள். அப்போது எனக்கும் சிரிப்பு வந்தது. இப்போது வருவதில்லை.

எங்கள் வீடு கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்தில் இருந்தது உங்களுக்குத் தெரியும். அப்பா மாட்டாஸ்பத்திரியில் உதவியாளர். டாக்டர் வாரத்தில் பாதி நாள் வரமாட்டார் என்பதால் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் அப்பாதான் மாட்டு டாக்டர். ஓர் ஆயுதபூஜை விடுமுறைக்கு வந்தபோது சின்னம்மா பஸ்ஸிலிருந்து அந்தப் பாறையைப் பார்த்திருக்கிறாள். ஊருக்கு மேற்கே, செத்த மாடுகளைக் கொண்டுபோய்ப் போடுகிற பாறை. அதன்மேல் கும்பலாகக் கழுகுகள். வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூட இறக்கி வைக்காமல் அவள் கேட்ட கேள்வி, அந்தப் பறவைகள் இரவில் எங்கே தூங்குகின்றன என்பது. அம்மாவுக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை. அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. இவ்வளவு பெரிய பறவை எங்கே படுக்கிறதென்றுகூட ஒரு ஊருக்குத் தெரியாமல் இருக்குமா என்று அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

முதுகலை முடித்ததும் அதே கேள்வியோடு ஆராய்ச்சியில் சேர்ந்தாள். அவளுடைய பேராசிரியர் கோழியைப் பற்றிச் செய் என்றாராம், கோழிக்குத்தான் வேலை கிடைக்கும் என்று. இவள் விடவில்லை. சரி, ஒரு பருவம் போய்ப் பார்த்துவிட்டு வா, பிறகு பேசலாம் என்று கல்லூரி பைனாகுலரைக் கொடுத்து அனுப்பினார். ஐப்பசி மழை முடியும் நேரத்தில், ஒரு தகரப்பெட்டியோடு அவள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

ஓடைக்கரையில் இருந்த பெரிய மருதமரங்களில்தான் கழுகுகள் தங்குகின்றன, கூடும் கட்டுகின்றன என்பதை வந்த சில நாட்களிலேயே கண்டுபிடித்துவிட்டாள். அதன்பிறகு அவளுடைய பகல் முழுவதும் பாறையிலும் ஓடையிலும் கழிந்தது. சுடிதாருக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் போவாள். திரும்பி வரும்போது அவள்மேல் அடிக்கிற வாடை தெருமுனையிலேயே தெரியும். அம்மா அவளைக் கிணற்றடியில் குளிக்கவைத்துத்தான் உள்ளே விடுவாள். அவளுக்கென்று தனியாக ஒரு பித்தளைச் செம்பு, ஒரு சிவப்பு சோப்பு. துணியைத் தனியாக அலச வேண்டும். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் பைனாகுலர் வாரில் அந்த நாற்றம் தங்கிவிட்டது. அதன்மேல் எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்துத் திண்டாடுவாள்.

நாற்றம்கூடப் பெரிதில்லை. தோலுரிக்கிறவர்கள் வந்து போகிற இடத்தில் கல்யாணமாகாத பெண் நாள்பூராவும் உட்கார்ந்திருக்கிறாள் என்பதுதான் ஊரின் பேச்சு. எந்தச் சாதிக்காரர்கள் வேலையை இவள் செய்யக் கிளம்பியிருக்கிறாள் என்று அம்மாவிடம் நேராகவே கேட்டார்கள். கேட்டவர்களில் உங்கள் அம்மாக்களும் இருந்தார்கள். அம்மா அந்தக் கோபத்தைச் சின்னம்மாவிடம் காட்டுவாள். அவள் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவாள்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் மருதமரத்தடிக்குக் கூட்டிப்போனாள். பனி விலகி, பாறை சூடேறிய பிறகுதான் அவை பறக்கக் கிளம்பின. லாரிக்குத் தார்ப்பாய் விரிக்கும்போது எழும் சத்தத்தோடு தலைக்குமேலே போயின. பைனாகுலரை என் கண்ணில் பொருத்தி, கூட்டின் விளிம்பைக் காட்டினாள். சாம்பல் நிறப் பஞ்சு உருண்டை ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. தாய்க்கழுகு ஓரமாக நின்று சிறகை அகலமாக விரித்து, வெயில் படாமல் அதற்கு நிழல் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு முட்டைதான் இடும், அம்மாவும் அப்பாவும் மாறி மாறி வளர்க்கும் என்று சின்னம்மா என் காதில் சொன்னாள். அவள் குரலில் இருந்த சந்தோஷத்தை அதற்கப்புறம் நான் வேறு யாருடைய குரலிலும் கேட்டதில்லை.

இனி நம் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன்.

பறவையைப் பார்த்துவிட்டு மட்டும் போனால் போதாது, பக்கத்தில் இருக்கிறவர்களுக்குச் சொல்லவும் வேண்டும் என்பது அவளுக்கு ஒரு பிடிவாதம். தலைமை ஆசிரியரைப் பார்த்துப் பேசி, ஒரு மதியம் நமக்கு வகுப்பெடுக்க வந்தாள். நினைவிருக்கிறதல்லவா? புங்கமரத்தடியில் சுண்ணாம்புப் பொடியால் கழுகை அதன் நிஜ அளவில் தரையில் வரைந்தாள். நம்மில் ஒருவனை அதற்குள் கையை விரித்துப் படுக்கச் சொன்னாள். அவன் விரல் நுனியைத் தாண்டியும் இறக்கை நீண்டிருந்தது. எல்லோரும் ஓவென்று கத்தினோம். படுத்தவன் இப்போது கள்ளக்குறிச்சியில் வக்கீலாக இருக்கிறான்.

“பொணந்தின்னின்னு சொல்லாதீங்கப்பா. பாறுன்னு அதுக்கு நல்ல பழைய பேர் கீது” என்றாள். “ஊர்ல செத்த மாட்டையெல்லாம் இதுங்கதான் காலி பண்ணுது. இதுங்க இல்லன்னா எல்லாம் அங்கியே அழுகிக்கினு கெடக்கும். நாய் ஜாஸ்தியாயிடும். அப்புறம் நமக்குத்தான் கஷ்டம்.”

கீழே விழுந்து கிடந்த இறகு ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்திருந்தாள். அது கைமாறி கைமாறி நம் எல்லோரிடமும் வந்தது. கடைசியில் ஒரு பெண் தனக்கு வேண்டுமென்று கேட்டாள். சின்னம்மா கொடுத்துவிட்டாள்.

அந்த வாரமே அந்தப் பெண்ணின் அண்ணன் தென்னைமரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். தேடிப் பார்த்தபோது அவள் புத்தகப்பையில் இறகு இருந்தது. அவ்வளவுதான். அவளுடைய அப்பாவும் சித்தப்பாவும் பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றார்கள். தலைமை ஆசிரியர் அறிவியல் பாடம் எடுப்பவர். அவர் எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பி, இனிமேல் சின்னம்மா பள்ளிக்கூடப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதன்பின் நீங்கள் எனக்கு வைத்த பெயரை நான் இங்கே எழுதத் தேவையில்லை. பெஞ்சில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. என் சாப்பாட்டு டப்பாவில் தெரியாமல் கை பட்டுவிட்டால் வெளியே போய் மண்ணில் தேய்த்துக்கொண்டு வந்தீர்கள். முழுப் பரீட்சை வரைக்கும் அது நடந்தது. சிறுபிள்ளைகள் விளையாட்டு என்று இப்போது சொல்வீர்கள்.

தை முடிந்து மாசி பிறந்தபோது கழுகுகள் சாகத் தொடங்கின.

முதலில் ஒன்று. கிளையில் உட்கார்ந்தபடியே தலை மெல்லத் தொங்கிக்கொண்டு வந்தது. தூங்குகிறது என்றுதான் சின்னம்மா நினைத்திருக்கிறாள். ஆள் போய் நின்றால் சட்டென்று நிமிர்ந்து பார்க்கும், மறுபடி தொங்கிவிடும். அடுத்த நாள் மரத்தடியில் கிடந்தது. பிறகு இன்னொன்று. பாறையிலேயே இரண்டு. கூட்டில் குஞ்சு வைத்திருந்த தாயும் ஒரு காலையில் கிளையிலிருந்து பொத்தென்று விழுந்தது. சின்னம்மா சோறு தின்பதை விட்டுவிட்டாள். அவள் கண்ணு பட்டுத்தான் சாகிறது, நாள் முழுக்க வெறித்துப் பார்த்தால் எது உருப்படும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

செத்த ஒன்றை அவள் ஓடைக்கரையிலேயே பிளேடால் அறுத்துப் பார்த்தாள். உள்ளே ஈரலின்மேலும் இதயத்தின்மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாகப் படிந்திருந்ததாம். அப்படி எந்தப் புத்தகத்திலும் அவள் படித்ததில்லை. யாரோ நாய்க்கு வைத்த விஷம் மாட்டுக்கறி வழியாக இவற்றுக்குப் போயிருக்கிறது என்று முடிவு செய்தாள். கள்ளக்குறிச்சிக்குப் போய் அதிகாரி ஒருவரிடம் புகார் சொன்னாள். அவர் பேனாவை எடுக்கவே இல்லை.

“செத்ததத் துன்றது செத்துப்போச்சுன்னு ஒரு கம்ப்ளெய்ண்டா?” என்று கேட்டு, பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.

அந்த ஆத்திரத்தோடு ஊருக்குத் திரும்பியவள், கடைசியாகப் பாறைக்கு வந்தது யாருடைய மாடு என்று விசாரித்தாள். மேலத்தெருக்காரர் ஒருவரின் எருமை. அவர் வீட்டு வாசலில் போய் நின்று, எருமையில் விஷம் வைத்தீர்களா என்று கேட்டுவிட்டாள். அவர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். தெருவே பின்னால் வந்தது.

“செத்தது என் எருமங்க. புள்ளையாட்டம் வளத்தது. அதுல போயி நான் வெசம் வைப்பேனா?” என்று அப்பாவிடம் கேட்டபோது அவர் கண் கலங்கியிருந்தது.

அப்பா அதிகம் பேசாதவர். ஊசிகளைப் போட்டுக் கொதிக்கவைக்கிற எவர்சில்வர் டப்பா அப்போதும் அவர் கையில் இருந்தது. சின்னம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

“அந்த எருமைக்கு நான்தான் வைத்தியம் பாத்தேன். மடி வீங்கி வலியில துடிச்சிக்கினு இருந்துச்சு. புதுசா வந்திருக்குதே வலி ஊசி, அத கடைசி நாள் வரிக்கும் போட்டேன். ஊசியத் தவிர அது ஒடம்புல வேற எதுவும் போகல. பெரிய மனுசன் மேல பழி போடாத.”

“ஊசி போட்டா கழுகு எப்டி மாமா சாகும்? வெசம்தான் வச்சிருக்காங்க.”

“படிச்சிருக்கோன்ற திமிர்ல பேசாதம்மா.”

இதுதான் நடந்தது. நான் கதவோரம் நின்று கேட்டேன். அந்த வலி ஊசி போட்ட மாடு செத்து, அதன் கறியைத் தின்றால் கழுகின் சிறுநீரகம் கெட்டு, கழிவு உப்பு உள்ளுறுப்புகளின்மேல் வெள்ளையாகப் படிந்து அது செத்துப்போகும் என்பது இன்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அப்போது உலகத்தில் யாருக்கும் தெரியாது. வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்தவள் சின்னம்மா. ஊசி போட்டவர் அப்பா. இரண்டு பேரும் ஒரே வாசலில் எதிரெதிராக நின்று, கேள்வியையும் பதிலையும் ஒருவர்மேல் ஒருவர் கோபமாக வீசிக்கொண்டார்கள். யாரும் எடுத்துச் சேர்த்துப் பார்க்கவில்லை.

குஞ்சு தனியாகிவிட்டது. தகப்பன் கழுகும் திரும்பி வரவில்லை. அதை இறக்கிக்கொண்டுவந்தால் வளர்த்துவிடலாம் என்று சின்னம்மா நம்பினாள். மருதமரம் ஏறத் தெரிந்தவர்கள் மேலத்தெருவில்தான் இருந்தார்கள். யாரையாவது அனுப்பச் சொல்லி அப்பாவிடம் கெஞ்சினாள். முதலில் அவரிடம் மன்னிப்புக் கேள், பிறகு பார்க்கலாம் என்றார் அப்பா. அவள் போனாள். எருமைக்காரரின் வாசலில் நின்று, எல்லோரும் பார்க்க, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் நல்ல மனிதர். சரிம்மா, போகட்டும் என்றார். ஆனாலும் மரம் ஏற ஒருவரும் வரவில்லை. பொணந்தின்னிக் கூட்டில் கை வைத்தால் வீட்டுக்கு ஆகாது என்று ஒருவர், மனைவி முழுகாமல் இருக்கிறாள் என்று இன்னொருவர். அவளே ஏறப் பார்த்தாள். பாதி உயரத்துக்குக்கூடப் போக முடியவில்லை. முழங்கையெல்லாம் சிராய்த்துக்கொண்டு வந்து நின்றாள். அம்மா மருந்து போடாமல் உள்ளே போய்விட்டாள்.

குஞ்சு சத்தமே போடவில்லை. கூட்டின் விளிம்பில் தலை தெரியும், மறையும். பிறகு தலை தெரியவில்லை. காக்கைகள் கூட்டில் இறங்குவதைப் பார்த்ததும் சின்னம்மா சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

அறுத்து எடுத்த ஈரலை ஒரு பாட்டிலில் போட்டுப் பேராசிரியரிடம் கொண்டுபோனாள். அவர் சோதனைக்கு அனுப்பினார். விஷம் எதுவும் இல்லை என்று வந்தது. அந்த வெள்ளை என்ன என்று இவள் கேட்டதற்கு, அது உன் வேலை இல்லை, நீ பறவையைப் பார்க்கப் போனாய், பார்க்கப் பறவையே இல்லாதபோது உன்னை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்றாராம். கோழியைப் பற்றிச் செய்ய அப்போதும் இடம் இருந்தது. அவள் சேரவில்லை. சாமான்களை எடுத்துப்போக வந்தபோது அப்பாவின் பழைய சட்டையையும் அவளுடைய சுடிதார்களையும் அம்மா எரித்திருந்தாள். தகரப்பெட்டி மட்டும் இருந்தது. அதில் வைக்க ஒன்றும் இல்லை. காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். அப்பா வீட்டில்தான் இருந்தார். வெளியே வரவில்லை.

தாத்தா பார்த்த மாப்பிள்ளையை அவள் வேண்டாமென்றதும் மணலூர்பேட்டை வீட்டுக் கதவும் மூடிக்கொண்டது. அவள் எங்கோ வடக்கே போய், பறவை ஆராய்ச்சிக் குழு ஒன்றில் கூடாரம் தூக்குகிற வேலையிலிருந்து தொடங்கினாள். மொழி தெரியாத ஊர்களில் ஏரி ஏரியாக அலைந்தாள். மிகவும் தாமதமாகத்தான் டாக்டர் பட்டம் வாங்கினாள், அதுவும் வாத்துகளைப் பற்றி. அதற்குள் நாடு முழுவதும் கழுகுகள் போய்விட்டன. காரணம் என்னவென்று வேறு யாரோ கண்டுபிடித்தார்கள். மாட்டுக்கு அந்த ஊசி போடக் கூடாது என்று அரசாங்கம் தடை செய்த செய்தியை நான்தான் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்போது அவர் ஓய்வு பெற்றிருந்தார். மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். “அந்த ஊசியால எத்தினி மாடு எழுந்து நின்னுச்சு தெரியுமா?” என்று கேட்டார். அவர் சொன்னதும் பொய்யில்லை. சின்னம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள் என்றேன். எண்ணை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். போடவில்லை. போடாமலே போய்ச் சேர்ந்தார்.

காரியத்துக்குச் சின்னம்மா வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. படத்துக்கு முன்னால் உட்கார்ந்தவள் என்னிடம் சொன்னாள்:

“மாமா அன்னிக்கே சொன்னாரு பாப்பா. எந்த ஊசி மாமான்னு நான் கேட்டிருந்தா போதும். எனக்கு அப்ப யார் மேலயாச்சும் கோவப்படணும்போல இருந்துச்சு.”

அம்மா அவளுக்குத் தோசை சுட்டுப் போட்டாள்.

இப்போது அவள் நீலகிரி அடிவாரத்தில் இருக்கிறாள். மிச்சம் இருக்கிற கொஞ்சம் பாறுகள் அந்தப் பக்கம்தான். ஊர் ஊராகப் போகிறாள், பள்ளிக்கூடங்களில் பேசுகிறாள், மருந்துக்கடை வாசலில் நின்று எந்த ஊசி விற்கிறீர்கள் என்று விசாரிக்கிறாள். டிவியில் ஒருமுறை காட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் சென்ற மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதினார், நம் ஊருக்கே பெருமை சேர்த்தவர், பள்ளி ஆண்டுவிழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தலாம் என்று. பத்துப் பதினைந்து பேர் கைதட்டுகிற படம் போட்டீர்கள். நான்தான் கேட்டுச் சொல்ல வேண்டும் என்றீர்கள்.

கேட்டேன். வரமாட்டேன் என்று சொல்லுவாள், அதை உங்களுக்கு அப்படியே அனுப்ப வேண்டும் என்று காத்திருந்தேன். அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

“வரேன்னு சொல்லு. பொன்னாடையெல்லாம் வேணா. அந்தச் சுத்துப்பட்டுல மாட்டு மருந்து விக்கிறவங்க, ஊசி போடறவங்க எல்லாரையும் வரச்சொல்லி முன்னாடி உக்கார வைக்கச் சொல்லு. புள்ளைங்களுக்கு அப்புறமா பேசிக்கிறேன்.”

சொல்லிவிட்டேன். தேதியை நீங்களே அவளிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், எண் கீழே அனுப்புகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு யாராவது கார் எடுத்துப் போங்கள், அவளுக்கு முழங்கால் வலி. உங்கள் எல்லோரையும் மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு அதெல்லாம் நினைவில் இருப்பதாகவே தெரியவில்லை. எனக்கு இருக்கிறது. அதனால் அன்றைக்கு நான் வரப்போவதில்லை.